டார்வின் கடிதங்களை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

சார்லஸ் டார்வின் எழுதியதும் அவருக்கு வந்ததுமாக இன்று கிடைத்திருக்கும் கடிதங்கள் சுமார் 15,000. மைக்கேல் ஃபாரடேயின் கடிதங்கள் சுமார் 5,000. இயற்பியலாளர் ஜான் டின்டாலுடையவை சுமார் 7,000. இவற்றில் பெரும்பகுதியை இன்று வீட்டில் உட்கார்ந்தபடியே காசு கொடுக்காமல் படிக்கலாம். ஆனால் முதல்முறை அந்தத் தளங்களுக்குள் நுழைகிற யாரும் மலைத்துத்தான் போவார்கள். தேடல் பெட்டியில் 'பரிணாமம்' என்று தட்டினால் நூற்றுக்கணக்கில் வந்து விழும். நாலைந்தைத் திறந்து பார்த்து, தலையும் புரியாமல் வாலும் புரியாமல் மூடிவிடுவோம்.

நானும் முதலில் அப்படித்தான் கண்டபடி தேடினேன். பிறகு ஒரு விஷயம் பிடிபட்டது. கடிதம் என்பது பாதிப் பேச்சு. மறுபாதி பதில் கடிதத்தில் இருக்கிறது. தலைப்பை வைத்துத் தேடாமல் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, இருவர் கடிதங்களையும் தேதி வரிசையில் மாற்றி மாற்றிப் படித்தால் அந்த மனிதர்கள் பேசுவது காதில் விழத் தொடங்கும். அதைச் செய்யும் வழியை இங்கே சொல்கிறேன்.

எங்கே போவது

டார்வினுக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் 'டார்வின் கரஸ்பாண்டன்ஸ் புராஜெக்ட்' தளம். 1974-ல் தொடங்கிய வேலை இது. முதல் தொகுதி 1985-ல் வந்தது, முப்பதாவதும் கடைசியுமான தொகுதி 2023-ல் வந்தது. கிட்டத்தட்ட ஐம்பது வருட உழைப்பு. கடிதங்களின் எழுத்துவடிவம், அடிக்குறிப்பு, ஆட்களைப் பற்றிய சிறு அறிமுகம் எல்லாம் அங்கே இருக்கின்றன. பல அறிவியலாளர்களின் கடிதங்களை ஒரே இடத்தில் தேட 'எப்சிலான்' என்ற தளம் இருக்கிறது. இதுவும் கேம்பிரிட்ஜைச் சார்ந்ததுதான். தாவரவியல் பக்கம் ஆர்வம் என்றால் லண்டன் கியூ தோட்டத்தின் ஜோசப் ஹூக்கர் கடிதத் திட்டம்.

முதல் மாதம் டார்வின் தளம் ஒன்றே போதும். அடிக்குறிப்புகள் நிறைய இருப்பதால் புதியவருக்கு அங்கே வழி தவறாது.

முதல் பயிற்சி: அப்பாவுக்கு ஒரு கடிதம்

அறிவியல் கனமாக இல்லாத ஒன்றிலிருந்து தொடங்குங்கள். நான் யாருக்கும் முதலில் கொடுப்பது 1831 ஆகஸ்ட் கடைசி வாரத்துக் கடிதங்களைத்தான். டார்வினுக்கு அப்போது 22 வயது. படிப்பை முடித்துவிட்டுப் பாதிரியாராகப் போகிற பையன். ஆகஸ்ட் 24 அன்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹென்ஸ்லோ ஒரு கடிதம் எழுதுகிறார்: தென் அமெரிக்கக் கடற்கரைகளை அளக்க ஒரு கப்பல் போகிறது, இயற்கையியல் தெரிந்த ஒருவர் தேவை, உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். அதுதான் பீகிள் கப்பல்.

அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. 30-ஆம் தேதி டார்வின் ஹென்ஸ்லோவுக்கு 'வர இயலாது' என்கிற தொனியில் எழுதிவிடுகிறார். அப்பா அடியோடு மறுக்கவில்லை, ஆனாலும் அவர் சொல்லை மீறிப் போனால் மனம் நிம்மதியாக இருக்காது என்று காரணம் சொல்கிறார். மறுநாள் மாமா ஜோசையா வெட்ஜ்வுட் வீட்டிலிருந்து அப்பாவுக்கு ஒரு கடிதம் போகிறது. அதோடு அப்பாவின் ஆட்சேபங்களை டார்வினே எண் போட்டு எழுதிய ஒரு பட்டியல். மொத்தம் எட்டு. பாதிரியாராகப் போகிறவனுக்கு இது மரியாதையாக இருக்காது, கிறுக்குத்தனமான திட்டம், இதற்கு முன் பலரைக் கேட்டிருப்பார்கள், அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கப்பலிலோ பயணத்திலோ ஏதோ கோளாறு இருக்கும், இனி நீ ஓரிடத்தில் நிலைக்க மாட்டாய், தங்கும் வசதி மோசமாக இருக்கும், மறுபடியும் தொழிலை மாற்றுகிறாய் என்றுதான் இதை எடுத்துக்கொள்ள வேண்டும், கடைசியாக, இதனால் ஒரு பயனும் இல்லை.

வெளிநாட்டு வேலைக்கோ ஆராய்ச்சிக்கோ கிளம்புகிற பிள்ளையிடம் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை அப்படியே கேட்பது போல இருக்கும். அடுத்து மாமாவின் கடிதத்தைத் திறங்கள். எட்டுக்கும் வரிசையாக, நிதானமாகப் பதில் எழுதியிருக்கிறார். கடற்படை நிர்வாகம் இப்படிப்பட்ட வேலைக்கு மோசமான கப்பலை அனுப்பும் என்று எனக்குத் தோன்றவில்லை என்கிறார். எட்டாவதற்கு அவர் தரும் பதில்தான் எனக்குப் பிடித்தது. தொழில் என்று பார்த்தால் பயனில்லைதான் என்று அதை ஒத்துக்கொள்கிறார். ஆனால் அறியும் ஆவல் மிகுந்த ஒருவனாக அவனைப் பார்த்தால், மனிதர்களையும் உலகத்தையும் காண வெகு சிலருக்கே கிடைக்கிற வாய்ப்பு இது என்று முடிக்கிறார். அப்பா இறங்கி வந்தார். அந்த வருடம் டிசம்பர் 27 அன்று கப்பல் கிளம்பியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'புத்தியுள்ள ஒரே ஒருவர் போகச் சொன்னால் நானும் சம்மதிக்கிறேன்' என்று அப்பா சொன்னதாகப் பல புத்தகங்களில் படித்திருப்பீர்கள். அது டார்வின் 1876-ல் எழுதிய தன்வரலாற்றில் வருகிற நினைவு. நாற்பத்தைந்து வருடம் கழித்து நினைவுகூர்வது வேறு, அன்று மேசையில் மை காயாமல் கிடந்த காகிதம் வேறு. இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும் பழக்கத்தை முதல் நாளே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

கடிதத்தின் தலைப்பகுதியைப் படித்தல்

புதியவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உள்ளே போவதற்கு முன் ஐந்து நிமிடம் இங்கே செலவிட வேண்டும்.

அனுப்பியவர், பெற்றவர், தேதி, எழுதிய இடம், இப்போது மூலம் எங்கே இருக்கிறது, எத்தனை பக்கம், கடித எண். முதலில் கடித எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு யாரிடம் பேசினாலும் அந்த எண் போதும், தேடி எடுத்துவிடுவார்கள். 'டி.ஏ.ஆர்.' என்று ஒரு குறி கண்ணில் படும். மூலம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்து டார்வின் ஆவணங்களில் இருக்கிறது என்று பொருள்.

தேதி பகர அடைப்புக்குள் இருந்தால் அது கடிதத்தில் இல்லாதது, பதிப்பாசிரியர்கள் கண்டுபிடித்துப் போட்டது. டார்வின் பல கடிதங்களில் வருடம் எழுத மாட்டார். சிலவற்றில் 'வியாழக்கிழமை' என்று மட்டும் இருக்கும். பிறகு எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? தபால் முத்திரை, காகிதத்தின் நீர்க்குறி, உள்ளே பேசப்படும் புத்தகம் வெளியான தேதி, பதில் கடிதத்தின் தேதி. முகவரிகூட உதவும். டார்வின் 1842-லிருந்து சாகும்வரை கெண்ட் மாவட்டத்தில் டவுன் என்ற கிராமத்தில் ஒரே வீட்டில்தான் இருந்தார். ஆனால் அந்த ஊருக்குத் தபால் எந்த ஊர் வழியாக வருகிறது என்பது மாறியது, முகவரியும் மாறியது. 'பெக்கன்ஹாம்' என்று தலைப்பில் இருந்தால் பெரும்பாலும் 1869-லோ அதற்குப் பிறகோ எழுதியது. இப்படி ஒன்றிரண்டை நீங்களே கண்டுபிடித்துப் பாருங்கள், அடிக்குறிப்புகளை மதிக்கத் தொடங்குவீர்கள்.

விளிப்பையும் முடிப்பையும் ஒப்பிடுங்கள்

'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கும் நம் கடிதங்களில் அடுத்த வரியிலேயே உறவின் நெருக்கம் தெரிந்துவிடும். அவர்களிடமும் அப்படித்தான். தெரியாதவருக்கு வெறும் 'ஐயா'. அறிமுகம் ஆனவருக்கு 'அன்புள்ள ஐயா', கொஞ்சம் பழகியவருக்கு 'எனது அன்புள்ள ஐயா'. நட்பு முற்றிய பிறகு 'எனது அன்புள்ள ஹூக்கர்' என்று குடும்பப் பெயர் மட்டும். ஆண்களிடையே முதற்பெயர் சொல்லி அழைப்பது வீட்டுக்குள்தான். ஆகவே வெறும் 'ஹூக்கர்' என்பதைப் பார்த்து இவர்களுக்குள் விலகல் என்று நினைத்துவிடாதீர்கள், அது நெருக்கத்தின் அடையாளம்.

ஒரு தாளில் விளிப்பையும் கையொப்பத்துக்கு முந்தைய வரியையும் மட்டும் தேதியோடு வரிசையாக எழுதி வாருங்கள். ஒரு நட்பு எந்த மாதம் திரும்பியது என்று கண்ணுக்குத் தெரியும்.

கையெழுத்து, சுருக்கம், தபால் கட்டணம்

எழுத்துவடிவம் தளத்தில் இருப்பதால் டார்வினின் கையெழுத்தோடு நீங்கள் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அது மிகக் கடினமான கையெழுத்து. ஆனாலும் படிமம் கிடைக்கும் இடங்களில் ஒருமுறை திறந்து பாருங்கள்.

சுருக்கங்கள் பத்துப் பன்னிரண்டுதான், ஒரு வாரத்தில் பழகிவிடும். 'வுட்', 'ஷுட்', 'குட்' போன்ற சொற்களை முதல் ஒன்றிரண்டு எழுத்தையும் கடைசி எழுத்தையும் மட்டும் போட்டு எழுதுவார்கள். தேதிக்குப் பக்கத்தில் 'இன்ஸ்ட்.' என்றால் இந்த மாதம், 'அல்ட்.' என்றால் போன மாதம், 'பிராக்ஸ்.' என்றால் வரும் மாதம். 'உங்கள் 24 அல்ட். கிடைத்தது' என்றால் போன மாதம் 24-ஆம் தேதி நீங்கள் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது என்று அர்த்தம். மறுபாதியைத் தேடுவதற்கு இதைவிட நல்ல துப்பு இல்லை.

1840-க்கு முந்தைய கடிதங்களில் சில பக்கங்கள் வலைப்பின்னல் போலத் தெரியும். ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டு, தாளைத் திருப்பி, அதே வரிகளின் மேலே குறுக்காக எழுதியிருப்பார்கள். கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். அப்போது தபால் கட்டணம் தூரத்துக்கும் தாள்களின் எண்ணிக்கைக்கும் ஏற்ப இருந்தது. பெரும்பாலும் கடிதத்தைப் பெறுகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும். உறை போட்டால் அதுவும் ஒரு தாளாகக் கணக்கு. அதனால் தாளையே மடித்து அரக்கு வைத்து ஒட்டினார்கள். 1840 ஜனவரி 10 முதல் நாட்டுக்குள் எங்கே அனுப்பினாலும் அரை அவுன்ஸுக்கு ஒரு பென்னி என்று ஆனது. மே மாதம் தபால்தலை வந்தது. இந்த ஒரு மாற்றம் இல்லாமல் டார்வின் கிராமத்து வீட்டில் இருந்துகொண்டே தோட்டக்காரர்களிடமும் புறா வளர்ப்பவர்களிடமும் தகவல் கேட்டுக்கொண்டிருந்திருக்க முடியாது என்பது என் எண்ணம்.

இரண்டாவது பயிற்சி: 1844 ஜனவரி

இப்போது ஹூக்கருக்கு வாருங்கள். கடித எண் 729, [1844 ஜனவரி 11]. பகர அடைப்பைப் பார்த்தீர்களா? கடிதத்தில் இருப்பது 'வியாழக்கிழமை' மட்டும்.

டார்வினுக்கு 34 வயது. ஹூக்கருக்கு 26, தென்துருவக் கடலில் நான்கு வருடம் சுற்றிவிட்டு முந்தைய வருடம்தான் திரும்பியிருக்கிறார். பழக்கம் புதிது. கடிதத்தின் பெரும்பகுதி செடிகளைப் பற்றியது. தீவுகளில் எவை இருக்கின்றன, எவை இல்லை என்று கேள்வி மேல் கேள்வி. அவற்றைத் தள்ளிவிட்டு நேரே புகழ்பெற்ற வரிக்குப் போகாதீர்கள். அந்தக் கேள்விகளில் நடந்து வந்தால்தான் அந்த வரி உங்களை உலுக்கும். உயிரினங்கள் மாறாதவை அல்ல என்று ஏறக்குறைய நம்பத் தொடங்கிவிட்டேன் என்கிறார். அந்த வாக்கியத்துக்கு நடுவே, 'அல்ல' என்பதற்கும் 'மாறாதவை' என்பதற்கும் இடையில், பிறை அடைப்புக்குள் ஒரு சிறு தொடர்: ஒரு கொலையை ஒப்புக்கொள்வது போல இருக்கிறது.

அவர் அதைத் தனி வாக்கியமாக எழுதவில்லை. சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் மனம் தடுக்கி, அடைப்புக்குள் மூச்சு விட்டு, பிறகு தொடர்கிறது. மேற்கோள் தொகுப்புகளில் இந்தத் தொடரைப் பிய்த்துப் போட்டுவிடுகிறார்கள், அந்தத் தடுக்கல் போய்விடுகிறது. கொஞ்சம் கீழே போனால், இப்படிப்பட்ட ஆளிடமா நேரத்தை வீணாக்கிக் கடிதம் எழுதினோம் என்று நீங்கள் இப்போது முனகுவீர்கள், ஐந்து வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன் என்றும் எழுதுகிறார்.

சரி, ஹூக்கர் முனகினாரா? ஜனவரி 29 தேதியிட்ட பதிலைத் திறங்கள். வெவ்வேறு இடங்களில் உயிரினங்கள் தோன்றியிருக்கலாம், படிப்படியாக மாறியும் இருக்கலாம் என்பது என் கருத்து. அந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்று நீங்கள் நினைப்பதைக் கேட்க ஆவலாக இருக்கிறேன், இப்போதுள்ள எந்த விளக்கமும் எனக்குத் திருப்தி தரவில்லை. அவ்வளவுதான். கோபம் இல்லை, கேலி இல்லை, அவசரப்பட்ட ஆமோதிப்பும் இல்லை. பதினெட்டு நாள் இந்தப் பதிலுக்குக் காத்திருந்த மனிதரை நினைத்துப் பாருங்கள். பதிலைப் படிக்காதவருக்கு 'கொலை' வரி வெறும் மேற்கோள். படித்தவருக்கு அது ஒரு நட்பு உறுதிப்பட்ட இடம். இருவரும் பிறகு சுமார் 1,400 கடிதங்கள் எழுதிக்கொண்டார்கள்.

பதில் கிடைக்காதபோது

எல்லாவற்றுக்கும் மறுபாதி கிடைக்காது. டார்வின் வீட்டில், நம் வீடுகளில் கடிதம் கோத்துத் தொங்கவிட்ட கம்பி போல, வந்த கடிதங்களைக் குத்திவைக்கும் கம்பிகள் சில இருந்தன. அவை நிறைந்துவிட்டால் பல வருடக் கடிதங்களை மொத்தமாக எரித்துவிட்டுக் கம்பிகளைக் காலி செய்வாராம். 1862-க்கு முன் வந்தவற்றில் பெரும்பாலானவை இப்படிப் போய்விட்டதாக மகன் பிரான்சிஸ் எழுதியிருக்கிறார். ஆய்வுக்குப் பயன்படும் என்று தனியே எடுத்து வைத்தவை தப்பின. அவற்றிலும் சில துண்டு துண்டாக வெட்டப்பட்டுப் பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்டவை. அதனால் 'முழுமையற்றது' என்ற குறிப்பைப் பார்த்தால் தளத்தில் பிழை என்று எண்ண வேண்டாம்.

தொலைந்தவற்றில் பெரியது, ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் 1858-ல் மலாய்த் தீவுக்கூட்டத்தின் டெர்னாட்டே தீவிலிருந்து அனுப்பிய கடிதம். இயற்கைத் தேர்வு பற்றிய அவருடைய கட்டுரை அதோடு வந்தது. கட்டுரை அச்சில் இருக்கிறது, கடிதம் இல்லை. அப்படி ஒரு பள்ளம் வந்தால் சுற்றியுள்ள கடிதங்களைப் படித்துத்தான் அதன் வடிவத்தை ஊகிக்க வேண்டும். அந்த ஜூன் மாதம் அதற்கு நல்ல பயிற்சி. 18-ஆம் தேதி டார்வின் நிலவியலாளர் நண்பர் சார்லஸ் லயலுக்கு எழுதுகிறார்: நீங்கள் எச்சரித்தபடியே ஒருவர் என்னை முந்திவிட்டார். 25, 26 தேதிகளில் மறுபடியும் லயலுக்கு. 28 அன்று ஒன்றரை வயதுக் குழந்தை சார்லஸ் வாரிங் செங்காய்ச்சலில் இறந்துபோகிறான். 29 அன்று ஹூக்கருக்கு ஒரே நாளில் இரண்டு கடிதங்கள். இரண்டாவதில் நான் ஓய்ந்து கிடக்கிறேன், ஒன்றும் செய்ய முடியவில்லை என்று சொல்லிக்கொண்டே வாலஸின் கட்டுரையையும் தன்னுடைய எழுத்தையும் அனுப்பிவைக்கிறார். ஜூலை 1 அன்று லண்டனின் இயற்கையியல் அமைப்பான லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தும் வாசிக்கப்பட்டது. 'முந்தியது யார்' என்ற வழக்காக இந்தக் கதையைக் கேட்டவர்கள் இந்த ஐந்து கடிதங்களையும் ஒரே மாலையில் வரிசையாகப் படித்துப் பாருங்கள்.

குறிப்பேடு

ஒரு நோட்டு, ஆறு பத்திகள் போதும்: கடித எண், தேதி, யார் யாருக்கு, என்ன கேட்டார், பதில் எந்த எண், எனக்குப் புரியாதது என்ன. கடைசிப் பத்தியை நேர்மையாக நிரப்புங்கள். மேற்கோள் எடுத்தால் அப்போதே எண்ணையும் எழுதிவிடுங்கள். வாட்ஸாப்பில் டார்வின் பெயரில் சுற்றும் வாசகம் எதைப் பார்த்தாலும் தளத்தில் அந்தச் சொற்களைத் தேடுங்கள். வராவிட்டால் பகிர வேண்டாம். பழைய 'வாழ்வும் கடிதங்களும்' வகைத் தொகுதிகள் சுவையானவைதான், ஆனால் அவை குடும்பத்தார் தேர்ந்தெடுத்துத் தந்தவை. 1887-ல் பிரான்சிஸ் டார்வின் வெளியிட்டதும் அப்படித்தான். அதில் ஒரு கடிதத்தைப் படித்தால் தளத்தில் முழு வடிவத்தையும் திறந்து ஒப்பிடுங்கள்.

அடுத்த ஜோடிகள்

டார்வின்–ஹூக்கர் ஒரு வருடம் படித்த பிறகு இயற்பியலாளர்கள் ஃபாரடேயும் மேக்ஸ்வெல்லும். 1857-ல் ஃபாரடேக்கு 65 வயது, கணக்கு முறையாகப் படிக்காதவர், புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகியவர். மேக்ஸ்வெல்லுக்கு 25. தன் விசைக்கோடுகளின் மேல் அவ்வளவு கணிதம் பாய்வதைப் பார்த்து முதலில் பயந்தே போனேன், பிறகு அது தாக்குப்பிடித்ததைப் பார்த்து வியந்தேன் என்று ஃபாரடே மார்ச் மாதம் எழுதுகிறார். நவம்பரில் ஒரு கேள்வி கேட்கிறார்: கணிதவியலாளர் தன் முடிவுக்கு வந்த பிறகு, அதைச் சூத்திரத்தில் சொல்வதைப் போலவே முழுமையாகச் சாதாரண மொழியிலும் சொல்லக்கூடாதா? தமிழில் அறிவியல் எழுத நினைக்கிறவர்கள் இந்தக் கடிதத்தை அச்சிட்டு மேசையில் வைத்துக்கொள்ளலாம். ஆனோடு, கேத்தோடு, அயனி என்று நாம் பள்ளியில் படித்த சொற்களின் பிறப்பைப் பார்க்க வேண்டுமானால் 1834-ல் ஃபாரடேயும் கேம்பிரிட்ஜ் அறிஞர் வில்லியம் ஹியூவெல்லும் எழுதிக்கொண்டவற்றைப் பாருங்கள். புதிய சொல் வேண்டும் என்று ஒருவர் கேட்க, கிரேக்க வேரோடு மற்றவர் யோசனை சொல்கிறார்.

பெரிய பெயர்களோடு நிறுத்திவிடாதீர்கள். எடின்பரோ தாவரவியல் தோட்டத்தில் வேலை பார்த்த ஜான் ஸ்காட் 1862 நவம்பரில் டார்வினுக்கு எழுதிய கடிதம், அவருடைய ஆர்க்கிட் புத்தகத்தில் ஒரு தவறைச் சுட்டிக்காட்டியது. டார்வின் நன்றி சொல்லி மேலும் மேலும் கேட்கிறார். டார்வினும் ஹூக்கரும் உதவ, ஸ்காட் 1864-ல் இந்தியாவுக்கு வந்து, மறுவருடம் கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் சேர்ந்தார். மான்செஸ்டரின் லிடியா பெக்கர் செடிகளைப் பற்றி டார்வினோடு கடிதம் எழுதியவர். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவரும் அவரே. இலங்கையில் பேராதனைத் தோட்டத்தின் பொறுப்பில் இருந்த த்வைட்ஸும் டார்வினுக்குத் தகவல் அனுப்பியவர்தான்.

சென்னை வரை நீளும் இழை ஒன்றும் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக 1819-ல் இங்கே வந்த ராபர்ட் வைட், பிறகு கோயம்புத்தூரில் பருத்திச் சோதனைப் பண்ணையைக் கவனித்தவர், தென்னிந்தியச் செடிகளைப் பற்றி ஜோசப் ஹூக்கரின் அப்பா வில்லியம் ஹூக்கருக்குத் தொடர்ந்து எழுதினார். அவர் அனுப்பிய படங்களை வரைந்தவர் ரங்கையா. அவருக்குப் பின் வந்த ஓவியர் கோவிந்து. ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கு வைட் கோவிந்துவின் பெயரையே வைத்தார். கியூ தோட்டத்துக் கடிதங்களில் வைட் பெயரைத் தேடும்போது, படங்களைப் பற்றிய வரிகள் வரும் இடத்தில் நின்று, அவற்றில் இந்த இருவர் பெயரும் இருக்கிறதா என்று பார்த்து நோட்டில் ஏழாவது பத்தியாக எழுதி வாருங்கள்.